நடுவில் ஒரு மெட்டு

கனடாவில் மொன்றியலுக்கு நான் போனது ஒரு வாத்தியம் வாங்குவதற்கு. எனக்கல்ல, என் தங்கைக்கு. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்வது மரியாதை.

நான் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். தங்கை வாசுகி என்னைவிட ஐந்து வயது இளையவள். மொன்றியலில் சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டி அடுக்குகிறாள். சின்ன வயதில் இருவரும் ஒரே ரீச்சரிடம் வீணைக்குப் போனோம். மூன்றாம் மாதம் ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "சின்னவவுக்குக் காதில சுருதி நிக்காது. இனி அனுப்பாதேங்கோ" என்று சொல்லிவிட்டார். வாசுகி வழி முழுக்க அழுதுகொண்டு வந்தாள். நான் பக்கத்தில் நடந்து வந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்படிப்பட்டவள் போன வருடம் தொலைபேசியில், "அக்கா, நான் பாலமா பழகிறன்" என்றாள். அது துருக்கிக்காரரின் நாட்டுப்புற வாத்தியம். அவர்கள் எழுதும்போது நடுவில் ஓர் எழுத்தை வைத்துவிட்டு, சொல்லும்போது அதை விழுங்கிவிடுகிறார்கள். காதில் விழுவது பாலமா என்றுதான். பாதியாக வெட்டிய பேரிக்காய் போல ஒரு குடம், அதிலிருந்து மெல்லிய தடி போல ஒரு கழுத்து, ஏழு தந்தி. அவளோடு வேலைசெய்யும் நெர்மின் என்ற துருக்கிப் பெண் சொல்லிக்கொடுக்கிறாளாம். ஒரு வருடமாக இரவல் வாத்தியத்தில் பழகிவிட்டாள், இனிச் சொந்தமாக ஒன்று வேண்டும். "நீங்கள் வந்து பாத்துச் சொல்லுங்கோ அக்கா. வாத்தியத்தைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் விசாவுக்கு எழுதினேன்.

போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை. வாசுகியின் வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். வாசலுக்கு வாசல் இரண்டு கார் நிற்கிறது, தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. எங்கள் ஒழுங்கையில் என்றால் நான் பெட்டியோடு இறங்கிய ஐந்தாம் நிமிடம், யார் வந்தது, எத்தனை கிலோ கொண்டுவந்தது என்று சந்திவரைக்கும் தெரிந்திருக்கும். வாசுகியின் கணவர் லொறியோடு அமெரிக்கப் பக்கம் போயிருந்தார். மகள் படிப்புக்காக வேறு நகரத்தில். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் சமைக்கிற குசினி என் வகுப்பறையைவிடப் பெரிது. "வடிவா இருக்கடி" என்று சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருக்கவேண்டும், நாடி நொந்தது.

அடுத்த நாள் காலை நெர்மின் வீட்டில் சாப்பாடு. சென்ட் லோரன்ட்டில் இரண்டாம் மாடி. வாயாடி, கட்டை முடி, தோள் குலுங்கச் சிரிப்பாள். என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். மேசையில் ஒலிவ் காய் மூன்று வகை, வெள்ளைச் சீஸ், தக்காளியோடு கிளறிய முட்டை, எள்ளு ஒட்டிய வளையப் பாண், தேன், தேனுக்குப் பக்கத்தில் கட்டிப் பாலாடை. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் தேத்தண்ணி வந்துகொண்டே இருந்தது. போதும் என்றால் கரண்டியைக் குவளையின் மேல் படுக்கவைக்கவேண்டுமாம். அது தெரியாமல் நான் ஒன்பது குவளை குடித்தேன். புட்டும் சம்பலும் பத்து நிமிடத்தில் முடிக்கிற சாதி நாங்கள். இவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் உட்காருகிறார்கள்.

சாப்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாசுகி அவளை "அப்லா, அப்லா" என்று கூப்பிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அக்கா எண்டு அர்த்தம்" என்றாள் வாசுகி, பாணைத் தேனில் தோய்த்தபடி.

பிறகு நெர்மின் வாத்தியத்தை எடுத்து ஒரு பாட்டு வாசித்தாள். பாட்டின் நடுவில் ஒரு சுரம் சரிக்கும் பிழைக்கும் இடையில் நின்றது. என் காது கூசியது. வாசுகி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். வருகிற ஞாயிறு அவர்களுடைய சங்க மண்டபத்தில் ஐந்து பேர் சேர்ந்து இந்தப் பாட்டை வாசிக்கிறார்கள், ஐந்தாவது ஆள் வாசுகி. தமிழர் யாரும் இதற்குமுன் அங்கே ஏறியதில்லையாம். நல்லது என்றேன். நான் கடைசியாக ஒரு மேடையில் வாசித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஞாபகம் வரவில்லை.

திங்கள் பின்னேரம் வேலை முடிந்து வந்த கையோடு வாத்தியம் பார்க்கப் போனோம். செய்பவர் தன் வீட்டு நிலக்கீழ் அறையில்தான் விற்கிறார். பசை வாசமும் மரத்தூளும். சுவர் முழுக்கப் பாலமா தொங்கியது. நெடுங்கழுத்து ஒன்று, குறுங்கழுத்து ஒன்று என்று இரண்டு சாதி. நான் என் வித்தையைக் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துக் குடத்தைத் தட்டிக் கேட்டேன், கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், தந்தியை மீட்டி நாதம் எத்தனை மூச்சுக்கு நிற்கிறது என்று எண்ணினேன். கடைசியில் கறுப்பு மினுக்கம் போட்ட நெடுங்கழுத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கம்பீரமாக இருந்தது.

வாசுகி அதை மடியில் வைத்துப் பார்த்தாள். கை எட்டவில்லை. எட்டாததை எட்டியது போல முகத்தை வைத்துக்கொண்டாள். செய்பவர் என்னைப் பார்த்து, "வாசிக்கப்போவது நீங்களா, அவரா?" என்று கேட்டார்.

"அக்கா, ஒருக்கா அப்லாட்டயும் கேட்டிட்டு..." என்று வாசுகி இழுத்தாள். தொலைபேசியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். திரும்பி வந்து, சுவரின் கடைசி அந்தலையில் தொங்கிய குறுங்கழுத்து ஒன்றை இறக்கச் சொன்னாள். மங்கல் நிறம். முதுகில் ஒரு வெடிப்பைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அதை அவள் தொட்டவுடன் செய்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது ஒரே மல்பெரிக் கட்டையைக் குடைந்து செய்ததாம், துண்டு பொருத்தியதல்ல.

இது எவ்வளவு பெரிய அடி என்று வீணைக்காரருக்குத்தான் விளங்கும். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் அது ஏகாண்ட வீணை. என்னிடம் இருப்பது ஒட்டு வீணை. ஏகாண்டம் ஒன்று வாங்கவேண்டும் என்று நான் இருபது வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடம் பழகியவள், சுருதி நிற்காது என்று திருப்பி அனுப்பப்பட்டவள், ஒரு தொலைபேசி அழைப்பில் அதைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். நான் பின் இருக்கையில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கடல் கடந்து வந்த நிபுணருக்குக் கிடைத்த வேலை அதுதான்.

செவ்வாயும் புதனும் அவள் வேலையால் வந்து உடுப்பு மாற்றாமலே அதை எடுத்து வைத்துக்கொண்டாள். பிழை விட்டால் சிரிப்பாள். நாங்கள் பழகிய காலத்தில் பிழைக்குச் சிரித்தவர் யாரும் இல்லை. புதன் பகல் முழுக்க வீட்டில் இருக்க மனமில்லாமல் நான் டவுன்டவுன் பார்க்கப் போனேன். பச்சைக் கோட்டு மெட்ரோவில் எதிர்த்திசையில் ஏறி, கடைசித் தரிப்பிடம்வரை போய், அதே பெட்டியில் திரும்பி வந்தேன். ஒரு கடையில் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேல் குழம்பை ஊற்றிச் சீஸ் துண்டுகளைப் போட்டுத் தந்தார்கள். பொரியல் ஊறிவிட்டது. இதற்கு ஏன் மொறுமொறுவென்று பொரித்தார்கள் என்று விளங்கவில்லை. ஆனால் முழுவதும் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை நான் செய்த வேலையை இனிச் சொல்லவேண்டும்.

வாசுகி வேலைக்குப் போன பிறகு பாலமாவை உறையிலிருந்து எடுத்தேன். வீணையில் சுரத்துக்குச் சுரம் விரல் வைக்கிற மெட்டு என்றால் பித்தளைக் கம்பி, மெழுகில் பதித்து வைப்பது. அசைக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஆள் வரவேண்டும். இதில் மெட்டு என்பது மீன்பிடி நரம்பு போன்ற நைலோன் இழை. கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். விரலால் தள்ளினாலே நகரும். ரிஷபம் இருக்கவேண்டிய இடத்தில் பார்த்தேன். சின்ன ரிஷபத்துக்கு ஒன்று, பெரிய ரிஷபத்துக்கு ஒன்று, இரண்டு மெட்டுத்தான் இருக்கவேண்டும். மூன்று இருந்தது. நடுவில் ஒன்று எதிலும் சேராமல் நின்றது. மீட்டினேன். நெர்மின் வாசித்த அதே கூசுகிற சுரம்.

முடிச்சு இளகி நகர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணமாட்டேன். நெர்மின் வீட்டில் என் காதால் கேட்டதுதானே. எனக்கு வந்த கோபம் வேறு. இரண்டு சுரத்துக்கு நடுவில் இருக்கும் இப்படியான இடங்களைப் பிடிக்க, வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துத்தான் பழகவேண்டும். பத்து வருடம் என் விரல் நுனி வெட்டுப்பட்டது அதற்காக. இங்கே அந்த இடத்தில் ஒரு முடிச்சைப் போட்டு வைத்துவிட்டு, விரலை வை, வரும் என்கிறார்கள்.

பெருவிரலால் தள்ளினேன். பெரிய ரிஷபத்தின் மெட்டோடு ஒட்டி நின்றது. அதே மாதிரி இன்னும் மூன்று இடம் இருந்தது, அவற்றையும் நேராக்கினேன். பிறகு மோகனத்தை வாசித்துப் பார்த்தேன். சுத்தமாக வந்தது. துடைத்து உறைக்குள் வைத்துவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அன்று பின்னேரம் வாசுகி பாட்டைத் தொடங்கினாள், நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மெட்டைப் பார்க்காமல் விரலால் எண்ணிப் பிடிக்கிறவள் அவள். எண்ணிக்கை மாறவில்லை, விரல் சரியான மெட்டில்தான் விழுந்தது. சுரம்தான் வேறு.

"என்னவோ சரியில்லை அக்கா. உங்களுக்குக் கேக்குதோ?"

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையில் ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். "புது வாத்தியம்தானே, பழகப் பழக வரும்" என்றேன். அவள் அந்த வரியை இருபது தரமாவது வாசித்திருப்பாள். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து காருக்குள் ஏறிய பிறகு அவள் சாவியைப் போடாமல் இருந்தாள்.

"நான் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கேல்லை. அப்லாவுக்கு நாளைக்குச் சொல்லிவிடுறன்."

"ஏனடி?"

"ரீச்சர் அண்டைக்குச் சொன்னது சரிதான். எனக்குக் காது இல்லை. அங்க போய் நாலு பேரின்ர வாசிப்பையும் கெடுக்கக்கூடாது."

சொல்ல வாயெடுத்தேன். முன்கண்ணாடியில் மழைத்தூறல் விழ, அவள் வண்டியை எடுத்துவிட்டாள். அப்போது எனக்குள் என்ன இருந்தது என்று மறைக்காமல் எழுதினால், பாவம் என்று ஒரு பங்கு, அப்பாடா என்று ஒரு பங்கு. எந்தப் பங்கு பெரிது என்று அளந்து பார்க்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு மேலதிக வேலை. ஆறு மணிக்கே போய்விட்டாள். நெர்மினுக்கு மத்தியானம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தப்பட்டவுடன் நான் உறையைத் திறந்தேன். பழைய இடத்தில் வைத்துவிட்டால் கதை முடிந்தது, யாருக்கும் தெரியவராது. மெட்டைக் கீழே நகர்த்தி மீட்டினேன். இல்லை. இன்னும் கொஞ்சம். இல்லை. தள்ளத் தள்ள என் காது அதைச் சின்ன ரிஷபத்துக்கோ பெரிய ரிஷபத்துக்கோ இழுத்துக்கொண்டு போனது. நடுவில் நிற்கவிடவில்லை. ஒரு மணித்தியாலம் மெனக்கெட்டேன். தள்ளி விழுத்த ஒரு நிமிடம் போதுமாயிருந்தது, திருப்பி நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

பாலமாவைத் தோளில் போட்டுக்கொண்டு நெர்மின் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். சாரதி பிரெஞ்சில் என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த 'போன்ஜூர்', 'மேர்சி' இரண்டையும் சேர்த்தே சொன்னேன். சிரித்துவிட்டு ஏற்றினார். பஸ் தொழிற்சாலைகளையும் களஞ்சியங்களையும் சுற்றிக்கொண்டு போனது. வந்த தெருவே திரும்பவும் வந்தது. "ஐயோ, இதென்ன கண்டறியாத பஸ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

முன் இருக்கையில் ஒருவர் திரும்பினார். பாதுகாப்புச் சப்பாத்தும் மஞ்சள் மேற்சட்டையும். "எங்க போறீங்க?" என்று கேட்டார். மட்டக்களப்புக்காரர், களஞ்சியம் ஒன்றில் வேலை. நான் தெருப் பெயரைச் சொன்னேன். "அதுக்கு இது இல்லையே. அடுத்ததில இறங்குங்க, எதிர்ப்பக்கம் நிண்டு ஏறுங்க. மறுகா நாலாவது தரிப்பு." பிறகு என் தோளைப் பார்த்தார். "கிட்டார் பழகிறீங்களோ?"

"என்ர தங்கச்சியின்ர" என்றேன்.

"கெட்டிக்காரி போல" என்றார் அவர், அவளைக் கண்டது மாதிரி.

நெர்மின் கதவைத் திறந்ததும் என்னையும் உறையையும் பார்த்தாள். வாசுகிக்கு என்ன நடந்தது என்று பதறினாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, நாளைக்கு வாசிக்கமாட்டேன் என்று மத்தியானம் எடுத்துச் சொல்லப்போகிறாள் என்று சொல்லி உட்கார்ந்தேன். தேத்தண்ணி வந்தது. என் ஆங்கிலமும் அவளுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து நடந்தன. அவள் உறையைத் திறந்து கழுத்தைத் தடவினாள். விரல் நாலு இடத்திலும் நின்றது.

"இது குளிருக்கு நகர்ந்ததல்ல" என்றாள்.

"நான்தான்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுருதி, சுரம் என்று ஏதாவது அளந்திருப்பேன். அவள் அந்தப் பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு பெருவிரலால் மெட்டைத் தள்ளினாள், மீட்டினாள், திரும்பத் தள்ளினாள்.

"இந்த இடத்துக்கு அளவு கிடையாது" என்றாள். "எங்கள் ஊரில் கொஞ்சம் கீழே. மலைக்கு அந்தப்பக்கம் போனால் கொஞ்சம் மேலே. சேர்ந்து வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒருவரின் காதை நம்பி மெட்டை வைத்துக்கொள்வார்கள்."

"உங்களுடைய காதையா?"

அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். "எனக்குத் தேடவேண்டும். பாருங்கள், தேடிக்கொண்டுதானே இருக்கிறேன். உங்கள் தங்கை முதல் தரமே போய் நிற்பாள். சில மாதமாக நாங்கள் நாலு பேரும் அவளைக் கேட்டுத்தான் வைக்கிறோம். அவளுக்குச் சொல்லவில்லை, சொன்னால் பயந்துவிடுவாள்."

பொறாமை என்றால் என்ன என்று அதுவரைக்கும் நான் அறிந்தது வெறும் தண்ணி. குசினி, ஏகாண்டம், அப்லா, மேடை எல்லாம் போகட்டும். காது என்னுடையதாகத்தான் இருந்தது. நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் காது உள்ளவள் நான்.

"அவளிடம் சொல்லவேண்டாம்" என்று கேட்டேன்.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் நெர்மின். "மத்தியானம் அவள் எடுத்தால், பின்னேரம்வரை யோசிக்கச் சொல்கிறேன். மிச்சம் உங்கள் பாடு." என் குவளையை நிரப்ப வந்தாள். நான் கரண்டியை மேலே படுக்கவைத்தேன்.

வாசுகி நாலு மணிக்கு வந்து கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மெட்டைத் தள்ளியதை, தோடம்பழம் உரித்ததை, பஸ்ஸில் போனதை, நெர்மின் சொன்னதை. நெர்மின் சொன்னதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் சொன்னேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

"எனக்குக் கேட்டது அக்கா. பிழை எண்டு கேட்டது. ஆனா நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள். உங்களுக்குக் கேக்காதது எனக்குக் கேக்காது எண்டு நினைச்சன்." ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். "சின்னனிலயிருந்து அப்பிடித்தானே நினைக்கிறன்."

"என்ர பிழைதான்."

"ஓம்" என்றாள். சும்மா விடுங்கோ என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. திரும்பக் கத்தியை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்கோ. ஆனா உள்ளுக்கு வரவேண்டாம். உங்கட முகத்தைக் கண்டா என்ர கை நடுங்கும்" என்றாள்.

மண்டபம் ஒரு கடைத்தொடரின் மேல்மாடியில். கதவுக்கு வெளியே நடைவழியில், தொங்கவிட்ட குளிர்ச்சட்டைகளுக்கு நடுவில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். யாரோ ஒரு பெண்மணி என்னைக் கண்டு, உள்ளே போகவில்லையா என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உடம்பு சரியில்லை என்று நினைத்திருக்கவேண்டும். கீரை வைத்துச் சுருட்டிய பேஸ்ட்ரி ஒன்றைக் கடதாசியில் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். அதை அப்படியே வைத்திருந்தேன்.

கதவுக்கு உள்ளே சத்தம் அடங்கியது. ஒரு தந்தி மட்டும் கேட்டது. அந்த நடு இடம், ஒரே ஒரு தரம், தயங்காமல். கொஞ்சம் பொறுத்து மறுபடி. பிறகு இன்னொரு பாலமா அதன் பக்கத்தில் வந்து தடவித் தடவிச் சேர்ந்தது. பிறகு மற்றது. நாலு பேரும் மெட்டை நகர்த்தி நகர்த்தி அந்த ஒன்றுக்கு வந்து சேரும்வரைக்கும் அது பொறுமையாக ஒலித்துக்கொண்டிருந்தது. அது யார் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பாட்டுத் தொடங்கியது. ஊரில் என் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாசித்தாலும், யாருடைய கை எது என்று வாசலுக்கு வெளியே நின்றே பெயர் சொல்லுவேன். கண்ணை மூடிக்கொண்டு வாசுகியைத் தேடினேன். அந்த இடம் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. ஐந்தும் ஒரே இடத்தில் நின்றன. பிழை ஏதாவது கேட்டால் பிடித்துவிடுவேன் என்று காத்திருந்தேன். பாட்டு முடிந்து உள்ளே கைதட்டினார்கள். அதுவரைக்கும் என் தங்கையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.